பன்னிரண்டு ஆண்டுகளாகச் சந்தா தருபவர்களை நம் சார்பில் பேசச் சொல்லலாமா?

கேள்வி: கோத்தகிரிக்காரி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி வட்டாரத்தில், படுத்த படுக்கையாகிவிட்ட முதியோரையும் நோய் முற்றிய நிலையில் இருக்கும் புற்றுநோயாளிகளையும் வீடு தேடிச் சென்று கவனிக்கும் ஒரு சிறு அறக்கட்டளையில் அலுவலகப் பொறுப்பைப் பார்த்துவருகிறேன். இரண்டு செவிலியர், வாரத்தில் இரண்டு நாள் வரும் ஒரு மருத்துவர், ஒரு வாடகை ஜீப், அதன் ஓட்டுநர் ஆகியோரே எங்கள் மொத்தப் படை. செவிலியரின் சம்பளத்தை இரண்டு அறங்காவலர்கள் தங்கள் கைப்பணத்திலிருந்து தருகிறார்கள். ஜீப் வாடகையும் மருந்துச் செலவும் மாதம் 100, 200 ரூபாய் என்று சந்தா தரும் சுமார் 160 குடும்பங்களால் நடக்கின்றன. அவர்களில் பாதிப் பேர் நாங்கள் தொடங்கிய ஆண்டிலிருந்து, அதாவது 12 ஆண்டுகளாக, விடாமல் தருபவர்கள். பச்சைத் தேயிலை விலை படுத்துவிட்ட காலங்களில் ஒரு மாதம் தவறினாலும் அடுத்த மாதம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்கள்.

சம்பளத்தை ஏற்றுவரும் அறங்காவலர் இருவருக்கும் வயதாகிவிட்டது. எனவே ஆதரவாளர்களின் எண்ணிக்கை பெருகியே ஆகவேண்டும் என்ற நிலை வந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த அறங்காவலர் ஒருவர், பழைய சந்தாதாரர்களில் 25 பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களை ‘பிராண்ட் அம்பாசிடர்’ ஆக்கலாம் என்று ஒரு திட்டம் கொடுத்திருக்கிறார். அட்டை, பனியன், ஆளுக்கு ஆண்டில் 10 புதிய சந்தா என்று இலக்கு, அதிகம் சேர்ப்பவருக்கு ஆண்டு விழாவில் கேடயம் என்று விரிவாக எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதைப் படித்த நாளிலிருந்து ஒரு சங்கடம் இருந்துகொண்டிருக்கிறது.

அதற்குக் காரணம் ஓர் அம்மையார். அவருடைய கணவரை நாங்கள் ஏழு மாதம் வீட்டிலேயே வைத்துக் கவனித்தோம். அவர் இறந்து நான்கு ஆண்டு ஆகிறது. இலை எடை போடும் இடத்தில் வண்டிக்காகக் காத்திருக்கும் பெண்களிடம் இந்த அம்மையார் எங்களைப் பற்றித் தாமாகவே பேசிவருகிறார். அவர் சொல்லி எங்களிடம் வந்த நோயாளிகள் பலர். ‘உங்களை எங்கள் தூதராக அறிவிக்கலாம் என்றிருக்கிறோம்’ என்று மகிழ்ச்சியோடு சொன்னபோது, அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதுவரை என் மனத்தில் பட்டதைத்தானே சொன்னேன், இனிமேல் நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்கிறேன் என்று ஊரில் நினைத்துவிட மாட்டார்களா என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

நெடுநாள் ஆதரவாளர்களை நம் சார்பில் பேசுபவர்களாக ஆக்குவது சரிதானா, சரியென்றால் யாரைத் தேர்ந்தெடுப்பது, அவர்கள் கையில் என்ன கொடுப்பது, எதைக் கொடுக்கவே கூடாது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொல்லவேண்டும்.

மறுமொழி 1: குன்னூர் பழைய விற்பனையாளர்

அம்மா, 30 ஆண்டுகள் தேயிலைப் பொட்டலம் விற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் புதிய அறங்காவலரை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அவர் சொன்னதில் ஒரு பாதி சரி, ஒரு பாதி பிழை.

பிழையான பாதி, விடாமல் பணம் தருபவரெல்லாம் விடாமல் பேசவும் செய்வார் என்று எண்ணுவது. எனக்குத் தெரிந்த ஒரு தேநீர்க் கடைக்காரர் 20 ஆண்டுகள் ஒரே தூளை வாங்கினார். எந்தத் தூள் என்று வாடிக்கையாளர் கேட்டால்கூடச் சொல்லமாட்டார். இன்னொருவர் ஆண்டுக்கு ஒருமுறை தூளை மாற்றுவார், ஆனால் மாற்றிய தூளைத் தெருவே அறியும்படி புகழ்வார். முன்னவரிடம் இருப்பது பற்று. பின்னவரிடம் இருப்பது நாக்கு. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அரிது என்பதால், சந்தாப் பதிவேட்டின் முதல் 25 பெயர்களை எடுத்துப் பட்டம் கட்டினால், அவர்களில் 20 பேர் கூச்சத்தோடு அட்டையை அலமாரியில் வைத்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு உங்கள் முகத்தைப் பார்க்கவும் கூசுவார்கள்.

நீங்கள் செய்யவேண்டியது எளிது. நோயாளிப் பதிவேட்டிலும் சந்தாப் பதிவேட்டிலும் ஒரு பத்தியைக் கூடுதலாக வரையுங்கள். அதன் தலைப்பு ‘யார் சொல்லி வந்தீர்கள்?’ என்பதாக இருக்கட்டும். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் கேட்டு, ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். ஆறு மாதம் போனால் ஏழெட்டுப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்களில் சிலர் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தந்திருக்கமாட்டார்கள். மருந்துக் கடையில் நிற்பவராகவோ, கிராம சுகாதாரச் செவிலியராகவோ, முடிதிருத்துபவராகவோ இருப்பார்கள். உங்கள் தூதர்கள் அவர்கள்தாம். நீங்கள் நியமிப்பதற்கு முன்பே வேலையில் சேர்ந்துவிட்டவர்கள்.

சரியான பாதி, இலக்கு வேண்டும் என்பது. ஆனால் அந்த இலக்கை அவர்கள் தலையில் வைக்காமல் உங்கள் தலையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அனுப்பிய ஆளுக்கு இரண்டு நாளுக்குள் பதில் சொன்னோமா, என்ன ஆயிற்று என்று அனுப்பியவருக்குத் தகவல் கொடுத்தோமா என்று கணக்கு வையுங்கள். அவர் அனுப்பிய ஆளை நீங்கள் ஒரு வாரம் காக்கவைத்தால், அந்த ஊரில் போவது அவருடைய மானம். அதன்பின் அவர் வாய் திறக்கமாட்டார்.

மறுமொழி 2: நாடுகாணி வளைவு

ஓய்வுபெற்ற ஆசிரியன். கூடலூரில் இருக்கிறேன். இங்கு உங்களுடையதைப் போன்ற ஒரு குழுவில் நானும் தொண்டன். எங்கள் நாடுகாணியிலிருந்து கீழே இறங்கினால் நிலம்பூர், அதாவது மலப்புறம் மாவட்டம். நீங்கள் கேட்கும் கேள்விக்கு உங்கள் துறையிலேயே, நம் மலைக்கு அடிவாரத்திலேயே ஒரு விடை கால் நூற்றாண்டாக நடந்துகொண்டிருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

கோழிக்கோட்டில் 1993-இல் வலி நீக்கத்துக்கும் தணிப்புச் சிகிச்சைக்கும், அதாவது குணமாகாத நோயின் துன்பத்தைக் குறைக்கும் கவனிப்புக்கும், ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் மருத்துவர்கள். வெளிநோயாளியாக வருவோரைப் பார்த்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தார்கள். வர இயலாதவர்களே மிகுதி என்பதும், நோயாளிக்குத் தேவைப்படுவதில் மருந்து ஒரு பகுதிதான், அரிசியும் துணையும் பேச்சும் மற்றப் பகுதி என்பதும் பிறகு தெரிந்தது. அப்படித்தான் மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரைக் கொண்டே நடக்கும் அமைப்பு பரவியது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது தன் ஊர் நோயாளிகளுக்குத் தர முடிந்தவரைத் தொண்டராகச் சேர்த்து, 16 மணி நேரப் பயிற்சி கொடுத்து, செவிலியரோடு சில நாள் வீடுகளுக்கு அனுப்பிவைத்தார்கள். சிறு சிறு தொகைகளாக உள்ளூரிலேயே பணமும் திரண்டது. கேரள அரசு 2008-இல் தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டதற்கு இந்த ஊர் அமைப்புகளின் பலம் ஒரு முக்கியக் காரணம்.

இதில் உங்களுக்குரிய செய்தி என்னவென்றால், அங்கே யாரையும் பேசுவதற்காக நியமிக்கவில்லை. செய்வதற்கு அழைத்தார்கள், செய்தவர்கள் பேசினார்கள். மூதாட்டி ஒருவரின் படுக்கைப் புண்ணைக் கழுவும்போது செவிலியருக்கு வெளிச்சம் பிடித்து நின்றவர், அன்று மாலை தேநீர்க் கடையில் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். அவர் சொல்வதில் விளம்பர வாடை இராது, கேட்பவர் நம்புவார். உங்கள் 160 குடும்பங்களில் எத்தனை பேர் உங்கள் ஜீப்பில் ஒரு நாளாவது ஏறியிருக்கிறார்கள்? நான் ஊகிப்பது சரியானால், 12 ஆண்டுகளாகப் பணம் தந்துவரும் பலருக்கு நீங்கள் ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்கிறீர்கள் என்பதே தெரியாது. தெரியாததைப் பேசச் சொன்னால், நோட்டீசில் இருப்பதை ஒப்பிப்பார்கள்.

ஆகவே முதலில் அழைத்துச் செல்லுங்கள். ஒரு முறைக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். நோயாளியின் குடும்பத்திடம் முதல் நாளே கேட்டு, அவர்கள் மனமொப்பிச் சம்மதித்தால் மட்டும். செல்பேசி ஜீப்பிலேயே இருக்கட்டும். போய்வந்தபின் எதையும் கேட்காதீர்கள். ஒரு வாரம் கழித்து, பார்த்ததில் எது மனத்தில் நின்றது என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் அந்த இரண்டு வாக்கியங்கள்தாம் உங்கள் நோட்டீஸ். நீங்கள் எழுதிக்கொடுப்பதைவிட அவை நன்றாக இருக்கும்.

அடுத்து, கையில் கொடுக்கவேண்டியது. புகழ்மொழி வேண்டாம், கடினமான கேள்விகளுக்கு நேர்மையான விடைகளைக் கொடுங்கள். இங்கு எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி, ‘மக்களைத் தேடி மருத்துவத்தில் அரசாங்கமே வீட்டுக்கு வருகிறதே, உங்களுக்கு எதற்குப் பணம்?’ என்பது. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. அதைக் குறைத்துப் பேசும் ஆதரவாளர் உங்களுக்குத் தீங்கு செய்கிறார். அரசுப் பணியாளர் எப்போது வருகிறார், நீங்கள் எந்த நாளில் போகிறீர்கள், இருவரும் எப்படித் தகவல் பரிமாறிக்கொள்கிறீர்கள் என்பதை உள்ளபடி சொல்லத் தெரிந்தவர் வேண்டும். இரண்டாவது கேள்வி, ‘நீங்கள் வந்தால் பிழைத்துவிடுவாரா?’ இதற்கு ஆர்வக்கோளாறில் ஆமென்று தலையாட்டிவிட்ட ஒரு தொண்டரால் ஒரு குடும்பம் எங்களை இன்றுவரை மன்னிக்கவில்லை. மூன்றாவது, கடும் வலிக்குத் தரப்படும் மருந்தான மார்ஃபின் பற்றியது. அது போதைப்பொருளாயிற்றே என்ற அச்சம் மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் அதை வலிக்குப் பயன்படுத்துவது எளிதாக்கப்பட்டது என்ற அளவோடு ஆதரவாளர் நிறுத்திக்கொள்ளவேண்டும். அளவு, பக்கவிளைவு எல்லாம் செவிலியர் சொல்லவேண்டியவை. ‘எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லக்கூடியவரே நல்ல தூதர். இதைப் பயிற்சியில் நாங்கள் வாய்விட்டே சொல்ல வைக்கிறோம்.

இனி, நீங்கள் எழுதியிருக்கும் அந்த அம்மையாரைப் பற்றி. அவர் கேட்ட கேள்வி நியாயமானது. நன்றியுணர்வு கடன் போன்றது அன்று. அதை வசூலிக்க முயன்றால் கசந்துவிடும். நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலத்தில் அந்தக் குடும்பத்திடம் சந்தாவும் கேட்கக்கூடாது, நாலு பேரிடம் சொல்லுங்கள் என்றும் கேட்கக்கூடாது. மறுத்தால் ஜீப் வராதோ என்று அவர்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சத்தை அவர்கள் உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். இறப்புக்குப் பின் ஓராண்டு முடியும்வரை நாங்களாகப் போய் எதையும் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறோம். முதலாண்டுத் திதியின்போதோ, கல்லறைத் திருநாளன்றோ, ரமலான் மாதத்திலோ அவர்களே வந்து, ‘அவர் பெயரில் ஏதாவது செய்யவேண்டும்’ என்பார்கள். அப்படி வந்தவர்கள் பேசும்போது இடையில் நாம் நிற்கவேண்டிய தேவையே இருப்பதில்லை.

ஒரு சொல் கூடுதலாக. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிகளின் குடியிருப்புகள் உள்ளன. அந்த வீடுகளுக்கும் நீங்கள் போவீர்கள் என்று நினைக்கிறேன். உற்சாகமான ஆதரவாளர்கள் முதலில் எடுக்க விரும்பும் படம் அங்கேதான் இருக்கும். அதை அனுமதிக்காதீர்கள். தன் வறுமையைக் காட்டி யாரோ பணம் திரட்டினார்கள் என்று ஒரு பேரன் பிற்காலத்தில் தன் செல்பேசியில் காணும்படி ஆகக்கூடாது.

மறுமொழி 3: வரவு செலவு

உதகையில் கணக்குத் தணிக்கைப் பணி செய்கிறேன். மேலே இருவரும் மனத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் பணத்தைப் பற்றி மட்டும்.

பேசுபவர் கை வழியாகப் பணம் வரக்கூடாது. இதுவே தலையாய விதி. ரசீதுப் புத்தகத்தை ஆதரவாளர்களிடம் பிரித்துக் கொடுத்து, இரண்டு புத்தகங்கள் திரும்பி வராமல் ஒரு சங்கமே உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். எடுத்தவர் திருடர் அல்லர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு வாரம் கைமாற்றாகப் பயன்படுத்திக்கொண்டவர். அறக்கட்டளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குரிய க்யூஆர் அட்டையை மட்டும் அச்சிட்டுக் கொடுங்கள். பணம் செலுத்துபவரின் திரையில் அறக்கட்டளையின் பெயர்தான் தெரியவேண்டும், ஆதரவாளரின் பெயர் தெரியக்கூடாது. ரொக்கமாகத் தர விரும்பும் முதியவர்கள் இருப்பார்கள்; அவர்களுக்காகக் கடைகளில் உண்டியல் வைத்தால், பூட்டி முத்திரையிட்டு, இருவர் முன்னிலையில் திறந்து, தொகையை அங்கேயே எழுதிக் கையொப்பமிடுங்கள்.

சேர்க்கும் சந்தாவில் இத்தனை விழுக்காடு உமக்கு என்று எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த நாளோடு அவர் ஆதரவாளராக இருப்பது முடிந்து, தரகராகிவிடுகிறார்.

வரிச்சலுகையைப் பெரிதாகப் பேசச் சொல்லாதீர்கள். ‘80ஜி’ என்று வழங்கிவந்த நன்கொடை வரிச்சலுகைச் சான்று இருந்தாலும், 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு அது பொருந்தாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் பொருந்தாது. ‘கட்டாயம் வரி குறையும்’ என்று ஓர் ஆதரவாளர் வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு குறையாமற்போனால் பழி உங்கள்மேல் வரும். நன்கொடை விவரங்களை வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்து, கொடையாளருக்குச் சான்று தருவது என்ற நடைமுறைக்கு நிரந்தரக் கணக்கு எண் போன்ற அடையாள எண் தேவை என்பதால், அதை முதலிலேயே அலுவலகம் கேட்டு வாங்கவேண்டும். 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறை, அதில் பிரிவு எண்கள் வேறு. நோட்டீஸ் அச்சிடும் முன் உங்கள் தணிக்கையாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வெளிநாட்டு உறவுகள் பற்றி ஓர் எச்சரிக்கை. மலையில் பல வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஆர்வமுள்ள ஆதரவாளர் முதலில் அவர்களைத்தான் கேட்பார். இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை பார்க்கும் மகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே கனடாவின் குடியுரிமை பெற்றுவிட்டிருந்தால், அவர் தரும் 500 ரூபாயும் வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெறாத அமைப்பு அதை வாங்கவே கூடாது. பதிவு பெற்றிருந்தாலும், 2020-இன் திருத்தத்துக்குப் பிறகு, புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்கவேண்டும். ஆதரவாளரின் அட்டையில் இது ஒரு வரியாக இருக்கட்டும்.

மறுமொழி 4: பூம்பாறைப் பேருந்து

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாமல் இருக்கவேண்டும் என்பதற்காக.

சோலை மரக்கன்று வளர்க்கும் சிறு குழு எங்களுடையது. 2018-இல் குறிஞ்சி பூத்தபோது கொடைக்கானலுக்கு வந்தவர்களின் ஆர்வத்தைப் பார்த்து மயங்கிவிட்டோம். வந்து, பார்த்து, நெகிழ்ந்தவர்களையெல்லாம் ‘சோலைத் தூதர்’ என்று பதிவுசெய்து, அட்டை கொடுத்து, வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தோம். பூ உதிர்ந்தது, அவர்களும் உதிர்ந்தார்கள். குழுவில் இரண்டு மாதம் காலை வணக்கப் படங்கள் வந்தன. அப்புறம் அதுவும் நின்றது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்தப் பூ மீண்டும் பூப்பதற்கு 2030 ஆகவேண்டும். நெகிழ்ச்சிக்கும் அதேபோல ஒரு பருவம் இருக்கிறது என்பதை நாங்கள் புரிந்துகொள்ளவில்லை. உங்களிடம் 12 ஆண்டுகள் நின்றவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

பனியன் வேண்டவே வேண்டாம். நாங்கள் கொடுத்த பச்சைப் பனியனை அணிந்தபடியே ஒருவர் தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளரின் ஊர்வலத்தில் நடந்தார். அவருக்கு அது வீட்டில் இருந்த நல்ல சட்டை, அவ்வளவுதான். மறுநாள் எதிர்த்தரப்பு ஊர்க்காரர்கள் எங்கள் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வரும் குழாயைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அதைச் சரிசெய்ய எட்டு மாதம் ஆயிற்று.

மாறாக, எங்களுக்காக இன்றுவரை பேசுபவர் ஒரு நடத்துநர். பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் போகும் வழித்தடத்தில் பல ஆண்டுகள் பணிசெய்தவர். எந்த ஓடை வற்றியது, எந்தச் சரிவில் யூகலிப்டஸ் மரம் வந்தபின் ஊற்று நின்றது என்று பயணிகளிடம் சொல்லிக்கொண்டே வருவார். பூண்டு விவசாயிகள் அவர் சொல்லித்தான் எங்களிடம் கன்று கேட்டு வந்தார்கள். அவரிடம் எங்கள் அட்டை இல்லை. எங்களைப் பற்றிக் குறையும் சொல்வார். நாவல் கன்றுகள் பனியில் கருகியதைப் பேருந்து முழுக்கச் சொன்னவரும் அவர்தான். அதனால்தான் அவர் நல்லதாகச் சொல்வதையும் நம்புகிறார்கள் என்பது பின்னர் விளங்கிற்று. குறையை முதலில் எங்களிடம் சொல்லுங்கள் என்றுகூட நாங்கள் அவரிடம் கேட்கவில்லை. ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே, இந்த ஆண்டு இத்தனை கன்று செத்தது என்று நாங்களே போய்ச் சொல்லிவிடுகிறோம்.

வாட்ஸ்அப் பற்றியும் ஒன்று. நீங்கள் தயாரித்த செய்தியை அப்படியே எல்லாருக்கும் அனுப்பச் சொல்லாதீர்கள். அனுப்பப்பட்ட செய்தியை ஒரு தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப அது விடுவதில்லை; பலமுறை கைமாறியதென்றால் இரட்டை அம்புக்குறி போட்டு, ஒன்றுக்கு மேல் விடுவதில்லை. அந்த அம்புக்குறியைப் பார்த்தவுடன் பாதிப் பேர் படிக்காமல் தள்ளிவிடுகிறார்கள். ஒரு நிமிடம் தம் குரலில், தம் ஊர்ப் பேச்சில் பேசி இரண்டு பேருக்கு அனுப்பினால் போதும். உங்கள் பக்கத்தில் படுக மொழியில் பேசி அனுப்புவதை எந்த நோட்டீசும் ஈடுசெய்யாது.

மறுமொழி 5: கோத்தகிரிக்காரி

நால்வருக்கும் நன்றி. எழுதியவற்றை அச்செடுத்து அறங்காவலர் கூட்டத்தில் வாசித்தேன். புதிய அறங்காவலர் பனியனையும் கேடயத்தையும் தாமே நீக்கிவிட்டார். இலக்கு அலுவலகத்தின் தலையில் இருக்கவேண்டும் என்ற இடத்தில் சிரித்தபடி என்னைப் பார்த்தார். ஆனால் பேச முன்வருபவரின் பொறுப்புக்கு ஓராண்டு என்று கால வரம்பு இருக்கவேண்டும், விலகுவதும் எளிதாக இருக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அது எனக்கும் சரியென்றே படுகிறது. 12 ஆண்டு சந்தா தந்தவர்களுக்கு ‘போதும்’ என்று சொல்ல ஒரு கதவு இதுவரை நாங்கள் வைக்கவில்லை.

பதிவேட்டின் புதிய பத்தி நிரம்ப ஆறு மாதம் காத்திராமல், செவிலியர் இருவரையும் உட்காரவைத்து, சென்ற ஆண்டு வந்த நோயாளிகள் யார் சொல்லி வந்தார்கள் என்று நினைவிலிருந்து எழுதச் சொன்னேன். மூன்று பெயர்கள் மற்றவற்றைவிடப் பலமுறை வந்தன. ஒன்று, அந்த அம்மையார். இரண்டாவது, பேருந்து நிலையத்தருகே மருந்துக் கடையில் வேலை செய்பவர். மூன்றாவது, எங்கள் ஜீப் ஓட்டுநர். அவர் சந்தாதாரர் அல்லர், எங்கள் ஊழியரும் அல்லர், வாடகை வண்டிக்காரர். நோயாளி வீட்டு வாசலில் காத்திருக்கும் நேரத்தில் அக்கம்பக்கத்தார் வந்து விசாரிக்கிறார்கள், அவர் பொறுமையாகப் பதில் சொல்கிறார். எட்டு ஆண்டுகளாக இது நடந்துவந்திருக்கிறது. நாங்கள் அறியவே இல்லை.

இப்போது என் சந்தேகம் இதுதான். இவருக்கு இதற்காக ஏதாவது கொடுக்கவேண்டுமா? கொடுத்தால், தணிக்கையாளர் சொன்னபடி தரகர் ஆகிவிடுவாரா? மேலும், மே மாதத்தில் நேரு பூங்காவில் நடக்கும் காய்கறிக் கண்காட்சியில் ஓர் அரங்கு எடுத்து இம்மூவரையும் உட்காரவைக்கலாமா என்றும் ஒரு யோசனை வந்திருக்கிறது.

மறுமொழி 6: நாடுகாணி வளைவு

பேச்சுக்குப் பணம் வேண்டாம். ஆனால் வாசலில் அவர் காத்திருக்கும் நேரத்துக்கு வாடகையில் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எங்களிடம் கிலோமீட்டருக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தோம். காத்திருப்பு நேரத்தையும் சேர்த்தபின்தான் ஓட்டுநர்கள் அவசரப்படுத்தாமல் நின்றார்கள். அது அவருக்குச் சேரவேண்டிய கூலி, வெகுமதி அன்று. அத்தோடு, மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கான விடைகளைச் செவிலியர் அவரோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசட்டும். எட்டு ஆண்டுகளாக மார்ஃபினைப் பற்றி அவர் என்ன சொல்லிவந்திருக்கிறார் என்பதையும் அப்போது தெரிந்துகொள்ளலாம்.

மருந்துக் கடைக்காரரிடம் உங்கள் வருகை நாட்களையும் அலுவலகத் தொலைபேசி எண்ணையும் எழுதிய ஒரு தாள் இருந்தால் போதும். நோயாளிகளின் பெயரோ எண்ணோ அவரிடமிருந்து நீங்களும் வாங்காதீர்கள், உங்களிடமிருந்து அவரும் வாங்கவேண்டாம். தனிநபர் தரவுக்கென்று 2023-இல் சட்டமே வந்துவிட்டது, அதைவிட முக்கியமாக, யாருக்கு என்ன நோய் என்பது ஊரில் பரவக்கூடாது. தேவைப்படுபவரே அழைக்கட்டும்.

கண்காட்சி அரங்கு வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் மாலையில் மேட்டுப்பாளையம் இறங்கிவிடுவார்கள். அதே மே மாதத்தில் இலை மிகுந்திருக்கும், உங்கள் ஆதரவாளர்களுக்கு மூச்சுவிட நேரமிராது.

அந்த அம்மையாருக்குப் பட்டம் எதுவும் கொடுக்காதீர்கள். ஆண்டுக் கணக்கை அறங்காவலர்கள் மட்டும் பார்ப்பது வழக்கமென்றால், இந்த ஆண்டு அவரையும் அழைத்து உட்காரவையுங்கள். ஜீப்புக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, எத்தனை வீடுகளுக்கு உங்களால் போக முடியாமற்போயிற்று என்று எல்லாவற்றையும் காட்டுங்கள். கேட்டுவிட்டு இலை எடை போடும் இடத்தில் அவர் என்ன சொல்கிறார் என்பது அவர் விருப்பம்.